மழைக்குப் பின் ஏறும் இழப்பு: ஹைட்ரஜன்தான் காரணமா?

குன்னூர்க்காரர்:
குன்னூர்–கோத்தகிரி சாலையோரம் நாங்கள் பராமரிக்கும் கண்ணாடி இழைக் கேபிளில், ஐப்பசி மழை முடிந்ததும் 1550 நானோமீட்டர் அலைநீள ஒளியில் இழப்பு (வழியில் ஒளி குறைவது) கூடிவிடுகிறது. ஒரு ஜாயின்ட் பெட்டியைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் நின்றது; துத்தநாகம் பூசிய எஃகுக் கவசத்தில் வெண்துரு ஏறியிருந்தது. உலோகம் அரிக்கும்போது வெளிவரும் ஹைட்ரஜன் இழையைக் கெடுக்கும் என்கிறார்கள். ஹைட்ரஜனைத் தடுக்கும் கார்பன் பூச்சு இழைக்கு மாறவேண்டுமா?

உதகைவாசி:
ஐயா, அவசரப்படாதீர்கள். ஹைட்ரஜன் மூலக்கூறு இழைக்குள் ஊடுருவினால் 1240 நானோமீட்டர் அருகிலும், கண்ணாடியோடு வினைபுரிந்து ஹைட்ராக்சிலாக (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த OH தொகுதி) மாறினால் 1383 அருகிலும் உறிஞ்சல் முகடு தோன்றும். நீண்ட அலைநீளங்களிலும் இழப்பு ஓரளவு ஏறும் என்பதால், 1625 நானோமீட்டரில் இழப்பு கூடியிருந்தாலும் அதை மட்டும் வைத்து முடிவுகட்ட இயலாது. ஓடிடிஆர் (ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பும் ஒளியைக் கொண்டு இழப்பு எந்த இடத்தில் என்று காட்டும் கருவி) வரைகோட்டில் அந்தப் பெட்டி இருக்கும் இடத்தில் படிபோல் இறக்கம் தெரிகிறதா, 1310 நானோமீட்டரில் இழப்பு ஏறாமல் இருக்கிறதா என்று பாருங்கள்; இரண்டும் ஆம் என்றால் அது இழை வளைந்ததால் வந்த இழப்பு. பெட்டிக்குள் இருப்பது சுமார் பத்து மீட்டர் இழைதானே. ஹைட்ரஜனால் இழப்பு கிலோமீட்டருக்கு 1 டெசிபெல் (இழப்பை அளக்கும் அலகு) கூடினாலும் அங்கே 0.01 டெசிபெல்தான் சேரும்.

கோவைப் பொறியாளர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். மூலக்கூறாகக் கரைந்த ஹைட்ரஜன், ஊற்று நின்றால் மெல்ல வெளியேறிவிடும். ஹைட்ராக்சிலாகிவிட்டால் அது நிரந்தரம். 1980களின் தொடக்கத்தில் பாஸ்பரஸ் கலந்த இழைகள் இதில் மிகவும் அடிபட்டன. இன்று பரவலாகப் பயன்படும் ஜி.652.டி வகை இழையில் நீர் முகடு (1383 அருகிலுள்ள ஹைட்ராக்சில் முகடு) தாழ்வானது. டியூட்டீரியத்தால் (ஹைட்ரஜனின் கனமான வகை) பதப்படுத்தப்பட்ட இழையில் கண்ணாடியின் குறைபாட்டு இடங்களை அதுவே முன்கூட்டி நிரப்பிவிடுவதால், பிறகு வரும் ஹைட்ரஜனுக்கு வினைபுரிய இடமில்லை. கார்பன் பூச்சு எண்ணெய்க் கிணறு போன்ற கடுஞ்சூழலுக்கானது. மலைச்சாலைக்கு வீண் செலவு. நான் உண்மையில் கவலைப்படுவது உள்ளே கண்ணாடி இழை செல்லும் மின்கோபுர உச்சிக் கம்பியைப் பற்றித்தான்: மூடிய உலோகக் குழாய்க்குள் உண்டாகும் வாயு எளிதில் வெளியேறாது. அங்கே ஹைட்ரஜனை உறிஞ்சும் ஜெல் உள்ளதா என்று வாங்கும்போதே கேட்பது நல்லது.

குன்னூர்க்காரர்:
அளந்து பார்த்தோம். 1310இல் இழப்பு ஏறவில்லை, 1550இல் அந்தப் பெட்டியிலேயே படி தெரிந்தது. கேபிளின் வலுக்கம்பியைக் கவ்வியில் சரியாக முடுக்காமல் விட்டிருக்கிறார்கள். மழையில் சரிவின் மண் இறங்க, கேபிள் இழுபட்டு, பெட்டிக்குள் தட்டில் சுற்றி வைத்த இழைச் சுற்று இறுகியிருக்கிறது. சுற்றைத் தளர்த்தி, கம்பியை முடுக்கி, ரப்பர் வளையத்தையும் மாற்றினோம். வெண்துரு ஏறிய கவச நுனியை வெட்டி நீக்கிவிட்டோம்.