புதுப்பிப்பு: ‘மெமென்டோ’ மறுபடி பார்த்தாச்சு

புது நினைவுகள் தங்காத லெனார்ட், மனைவியைக் கொன்றவனைத் தேடும் படம் ‘மெமென்டோ’ (2000). முடிச்சு தெரிந்த பிறகு அதில் மறுபடி பார்க்க என்ன மிச்சம் என்று இங்கே கேட்டிருந்தேன். பார்க்கலாம் என்றுதான் பலர் சொன்னீர்கள். சரி என்று மன்னார்குடியில், மழைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்த ராத்திரியில், மச்சானோடு உட்கார்ந்தேன்.

வண்ணக் காட்சிகள் பின்னோக்கி, கறுப்பு வெள்ளை முன்னோக்கி என்பது தெரிந்ததால் கதையைத் துரத்தும் வேலை இல்லை. கண் முகங்களுக்குப் போனது. லெனார்ட் சொல்லும் கதையில் வரும் இன்னொரு மறதிக்காரர் சாமி, காப்பகத்தில் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில், ஒருவர் குறுக்கே கடந்ததும், கண்சிமிட்டும் நேரம் லெனார்ட் இருக்கிறான்! “நிறுத்துடா, பின்னாடி போ” என்று மச்சான் கத்தினான். லெனார்டைப் பயன்படுத்திக்கொள்ளும் நடாலி பேனாக்களைப் பொறுக்கிக் கைப்பையில் போடுவது இந்தத் தடவை இன்னும் கொடூரம். அவன் எதையும் குறித்து வைத்துவிடக் கூடாதாம்.

கறுப்பு வெள்ளையில் வரும் லெனார்டின் போன் பேச்சுகள் மட்டும் எனக்கு இப்போதும் இழுவைதான். காட்சிகளை வரிசைப்படி அடுக்கிய பதிப்பும் டிவிடியில் உண்டு. மச்சான் தேடுகிறான், எனக்கு ஆசையில்லை.