புது .22 பிஸ்டல், 50 குண்டு தாண்டினால் குரூப் (டார்கெட்டில் ஓட்டைகள் விழும் கூட்டம்) சிதறுகிறது: யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பத்துவளையம் (சென்னை):

லைசென்ஸ், இறக்குமதி, கஸ்டம்ஸ் என்று மாதக்கணக்கில் அலைந்து கைக்கு வந்த என் முதல் சொந்த பிஸ்டல். .22 எல்ஆர், செமி ஆட்டோ. அதுவரை கிளப் பிஸ்டலில்தான் சுட்டேன். புதுசில் பிரிசிஷன் ஸ்கோர் நன்றாகவே இருந்தது, ரேபிட் மட்டும் வாரத்துக்கு வாரம் சரிந்தது.

25 மீட்டர் பற்றித் தெரியாதவர்களுக்காக: பெண்கள் போட்டியில் 60 குண்டு. முதல் 30 பிரிசிஷன், ஐந்து குண்டுக்கு ஐந்து நிமிடம். அடுத்த 30 ரேபிட், டார்கெட் 7 விநாடி மறைந்து 3 விநாடி தெரியும், அதற்குள் கையைத் தூக்கி ஒரு குண்டு. ரேபிட் சரிந்தால் எல்லோரும் என்ன சொல்வார்கள்? ட்ரிக்கரை வெடுக்கென்று இழுக்கிறாய் என்பார்கள். நானும் நம்பினேன். ஆறு வாரம் தினமும் வீட்டில் கை தூக்கும் பயிற்சி செய்தேன், அழுகையும் வந்தது, ஸ்கோர் அசையவில்லை.

ஒருநாள் ரேஞ்சில் கூட்டம், டார்கெட் கிடைத்த வரிசைப்படி ரேபிட்டை முதலிலும் பிரிசிஷனை அப்புறமும் சுட வேண்டியதாயிற்று. அன்று ரேபிட் பிரமாதம், பிரிசிஷன் நாசம்! அப்போதுதான் எந்தப் பாதியை இரண்டாவதாகச் சுடுகிறேனோ அது கெடுகிறது என்று உறைத்தது. ரேபிட் டார்கெட்டில் பத்தாம் வளையம் 100 மி.மீ., பிரிசிஷனில் 50 மி.மீ. தான், அதனால் உண்மையான சிதறலில் பாதியை இத்தனை நாள் அந்தப் பெரிய வளையமே மூடி வைத்திருந்திருக்கிறது.

மறுநாள் மணல் மூட்டை மேல் வைத்து, ஒரே பெட்டித் தோட்டாவில் சுட்டுப் பார்த்தேன். சுத்தமான பேரலில் முதல் 10 குண்டின் குரூப் அகலம் 28 மி.மீ. இடைவிடாமல் 60 சுட்ட பிறகு அடுத்த 10 குண்டு 85 மி.மீ., அதில் இரண்டு ஓட்டை வட்டமாகக்கூட இல்லை, நீள்வட்டமாகக் கிழிந்திருந்தது. குண்டு நேராகச் சுழலாமல் சாய்ந்து போயிருக்கிறது. மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று பார்த்துவிட்டு வெண்கல பிரஷ் போட்டேன். வெள்ளைத் துணியில் கரியோடு பளபளவென்று ஈயச் செதில்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் சேம்பரைத் தாண்டியதும் ஒரு பக்கமாகச் சாம்பல் நிறப் பட்டை, அந்த இடத்தில் ரைஃப்ளிங்கின் (குண்டைச் சுழற்றும் பள்ளங்களின்) விளிம்பே தெரியவில்லை.

விற்றவர்களிடம் கேட்டால், "புதுசு அப்படித்தான், 500 குண்டு போனால் தானாகச் சரியாகும்" என்றார்கள். 500 சுட்டேன். இன்னும் மோசமானது. ஒரு பெட்டி தோட்டா என்ன விலை, அதற்கு எவ்வளவு காத்திருக்கிறோம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் அனுபவமுள்ள ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஒருவர் கேமரா விட்டுப் பார்த்துச் சொன்னார். .22 குண்டு 40 கிரெயின், 2.6 கிராம், மெத்தென்ற ஈயம், மேலே கவசம் கிடையாது, மெழுகுப் பூச்சு மட்டும்தான். அது கேஸை விட்டு ரைஃப்ளிங்குக்குள் நுழையும் வாயில் வழவழப்பான சரிவு இருக்க வேண்டும். என் பேரலில் அங்கே கடைசல் கருவியின் கீறலும் ஒரு பிசிறும் இருந்தன. ஒவ்வொரு குண்டும் துளி ஈயத்தை அங்கே சீவிவிட்டுப் போகிறது, பின்னால் வரும் குண்டு அதை இஸ்திரி போட்டதுபோல் அழுத்திவிடுகிறது. ஈயம் முனைப் பக்கம் படிந்தால் மெழுகு போதவில்லை என்று சந்தேகப்படலாம், சேம்பர் பக்கம் படிந்தால் வாயைப் பார் என்றார். நம் போட்டி பேரல் அதிகபட்சம் 153 மி.மீ., அதற்குள் மெழுகு தீர்ந்துபோவது அபூர்வம்.

அந்த இடத்தை மட்டும் மெருகேற்றிக் கொடுத்தார். இப்போது 60 தாண்டியும் 33 மி.மீ. இதே மாதிரி பட்டவர்கள் எழுதுங்கள்.

கோவை25மீ:

அக்கா, எனக்கும் புது பிஸ்டலில் சிதறியது, ஆனால் காரணம் வேறு. தோட்டா தட்டுப்பாட்டில் மூன்று பிராண்டைக் கலந்து சுட்டுக்கொண்டிருந்தேன், அதில் ஒன்று செம்பு முலாம் பூசிய ஹை வெலாசிட்டி. ஒவ்வொரு பிராண்டின் மெழுகும் வேறு, மாற்றினால் முதல் 20, 30 குண்டு பேரல் பழகும்வரை குரூப் விரியும். நான் ஒவ்வொரு 20 குண்டுக்கும் மாற்றினால் அது எங்கே பழகும்? இப்போது ஒரே ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா, ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி). மாவ்லங்கர் போட்டிக்கு முன்னால் அந்த லாட்டில் ஒரு பெட்டியைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். பளபளவென்று துடைத்த பேரலில் முதல் சில குண்டு நம்பகமில்லை என்பதால் ஸ்கோர் எண்ணுவதற்கு முன் சுடும் சைட்டிங் ஷாட்டிலேயே மெழுகு ஏற்றிவிடுவேன்.

பழையரேஞ்ச்:

நல்ல வேளை நீ வீட்டில் உரசவில்லை, ம்மா. என்னிடம் வந்த ஒரு பையன் ஈயம் எடுக்கிறேன் என்று இரும்பு ராடை முனைப் பக்கமிருந்து விட்டு விட்டு முனையின் விளிம்பையே ஒரு பக்கம் தேய்த்துவிட்டான். குண்டு கடைசியாகத் தொட்டு விலகும் இடம் அது, அங்கே ஒரு பக்கம் குறைந்தால் பின்னாலிருந்து வரும் வாயு குண்டைத் தள்ளிவிடும். பேரல் கழற்ற முடியாத பிஸ்டல் என்றால் பிளாஸ்டிக் பூசிய ராடும் முனையில் ராட் உரசாமல் காக்க ஒரு கைடும் வாங்கு, இல்லாவிட்டால் சேம்பர் பக்கமிருந்து இழுக்கும் துடைப்புக் கயிறு போதும்.

இணையத்தில் பார்த்துவிட்டு வினிகரையும் பெராக்சைடையும் ஊற்றாதீர்கள். ஈயம் கரையும்தான், ஆனால் கரைந்து உண்டாவது ஈய அசிடேட் என்ற விஷம், தோல் வழியாகவும் உள்ளே போகும், எஃகையும் அரிக்கும். அப்புறம், துடைத்த துணியைத் தனிப் பையில் கட்டி வையுங்கள். சோப்பு போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள். ரேஞ்சுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் கத்திச் சொல்வது இது ஒன்றுதான்.

பத்துவளையம் (சென்னை):

சார், கைடு வாங்கிவிட்டேன். 300 குண்டுக்கு ஒருமுறை வெண்கல பிரஷ், மற்ற நாளில் கயிறு மட்டும். தம்பி, நீ சொன்னபடி லாட் எண்ணை நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். நேற்று ரேபிட் கடைசி சீரிஸ் (ஐந்து குண்டு) 50-க்கு 48.