புதுப்பிப்பு: பேச ஆளில்லை என்று புலம்பியவள்தான்

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வந்த புதிதில், கைக்குழந்தையோடு பகல் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று இங்கே எழுதியிருந்தேன். பூங்காவுக்குப் போ என்று பலர் சொன்னீர்கள். போனேன். நடைப்பயிற்சித் தாத்தாக்கள்தான் நண்பர்களானார்கள்!

தோழி கிடைத்தது தடுப்பூசி வரிசையில். குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி (ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசி) அல்லவா? ஒரே சமயத்தில் பிள்ளை பெற்றவர்கள் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதே புதன்கிழமை, அதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூடுகிறோம். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். முதல் தடவை சிரிப்போடு சரி. இரண்டாம் தடவை, என் மகன் வீறிட்டு அழுதபோது பக்கத்திலிருந்தவர் கிலுகிலுப்பையை நீட்டினார். "எங்க வீட்டு ராணியும் இப்படித்தான், காய்ச்சல் வந்தா ராத்திரி பூரா தூங்க மாட்டா" என்றார். அன்றிரவு இரண்டு மணிக்கு, "தூங்கிவிட்டானா?" என்று அவரிடமிருந்து செய்தி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தது தட்டம்மை ஊசி, அதுவும் ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான். அதுவரை பார்க்காமல் இருக்க முடியாது என்று, 14ஆம் வாரத்தில் நானே துணிந்து வீட்டுக்கு அழைத்தேன். வந்தார். சொதி வைத்தேன், தேங்காய்ப்பால் சற்றுத் திரிந்துவிட்டது. இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தாத்தாக்களையும் விடவில்லை. மகனுக்கு அவர்களைக் கண்டால் தனிக் குஷி.