புதுப்பிப்பு: ஃபிளிண்ட்லாக் கிட், எண்ணெயும் துருவும்

ஃபிளிண்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல் பொறியால் சுடும் பழைய பாணி) துப்பாக்கியை நாமே பாகங்களிலிருந்து செய்யும் கிட்டுக்கு எந்தக் கருவிகள் வாங்குவது, அதன் வால்நட் மரக் கட்டைக்கு வார்னிஷா எண்ணெயா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, வேலை முக்கால்வாசி முடிந்தது.

கருவி விஷயத்தில், கைக்கருவிகளே போதும் என்று நீங்கள் சொன்னதே சரி. மின்சார ரோட்டரியை ஓரம் கட்டிவிட்டேன். இரண்டு உளி, இரண்டு அரம் போதும். லாக்கை (பொறி எழுப்பும் இயங்குபகுதி) கட்டையில் பதிக்கும்போது எங்கே இடிக்கிறது என்று காட்டும் மை வாங்கவில்லை. அம்மாவின் காமாட்சி விளக்குச் சுடரில் தகட்டைக் காட்டிக் கரி பிடிக்கவைத்தேன். அதைக் கட்டையில் அழுத்தி எடுத்து, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சீவ வேண்டும். (அம்மா இன்னும் பேசவில்லை.)

கட்டையை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் எழும்பிய நாரை உப்புத்தாளால் தேய்த்தேன். அப்புறம் ஆளிவிதை எண்ணெய். இங்கேதான் சொதப்பினேன். தாராளமாகப் பூசிவிட்டேன், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிப் புழுக்கத்தில் ஐந்து நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. டர்பனில் இருந்துகொண்டு டர்பன்டைனால் துடைத்து எடுத்தேன்! இப்போது நாலு சொட்டு, உள்ளங்கைச் சூட்டில் தேய்ப்பது, அவ்வளவுதான். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

அதே புழுக்கம் குழலுக்கு வரமாக அமைந்தது. பழுப்பேற்றுவது என்றால் அளவாகத் துருப்பிடிக்கவைப்பதுதானே! பிசுக்கு நீக்கி, துருப்பிடிக்கவைக்கும் கரைசல் பூசி, இரவு குளியலறையில் தொங்கவிட்டேன். காலையில் மெல்லிய துரு. தேய்த்துவிட்டு மறுபடி பூச்சு. ஆறு சுற்றில் நல்ல காப்பி நிறம். சமையல் சோடா நீரில் கழுவித் துருவை நிறுத்தி, எண்ணெய் தடவியாயிற்று.

பித்தளைப் பாகங்களுக்கு மெருகு போடுவது மட்டும் பாக்கி.