ஆர்எக்ஸ் 100 ஹேண்டில்பாருக்குள்ள ஒயரிங் விடலாமா?

மன்னை_ஆர்எக்ஸ்:
வணக்கம் எல்லாருக்கும். நமக்கு மன்னார்குடி பக்கம். அப்பாவோட பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், இன்ஜின் வேலை முடிஞ்சு பெயிண்ட்டும் அடிச்சாச்சு. பிளாட் ஹேண்டில்பார் ஒண்ணு வாங்கி மாட்டிருக்கேன், பார்க்க அம்சமாத்தான் இருக்கு, ஆனா ரெண்டு ஸ்விட்சுலேர்ந்தும் வர்ற ஒயர் கத்தை பாருக்கு மேல கருப்பு டேப்ப சுத்திகிட்டு வேலில ஓணான் படுத்த மாதிரி கெடக்கு, அத பார்த்தாலே எரிச்சலா வருது. பாருக்குள்ளயே ஓட்டிடலாமான்னு நம்ம மெக்கானிக்க கேட்டேன், அதெல்லாம் இந்த வண்டிக்கு வேணாம் தம்பின்னுட்டார், ஏன்னு கேட்டா சிரிக்கிறார். ஓட்டை எங்க போடணும், எவ்ளோ பெருசு போடணும், பார் பலம் குறையுமா, மழைத்தண்ணி உள்ள எறங்குமா? ஷோவுக்கு நிறுத்துற வண்டி இல்ல, அறுவடை டயத்துல பின்னாடி நெல்லு மூட்டை வச்சு வாய்க்கா கரைல ஓட்டுறது. செஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

குடந்தை_பட்டறை:
தாராளமா செய்யலாம் தம்பி. முதல்ல பார் இரும்பா அலுமினியமான்னு பாருங்க, காந்தம் வச்சா தெரிஞ்சிடும். அலுமினியம்னா டிரில்ல கீழ வச்சுட்டு போய் டீ குடிங்க, அதுல ஓட்டை போட்டா அதிர்வுல அங்கேர்ந்து கீறல் விட ஆரம்பிக்கும், முன்கூட்டி வளஞ்சு காட்டாது, பட்டுன்னு போயிடும். இரும்பு பார்னா மேல படிங்க.

சாதாரண பார் வெளி விட்டம் 22 மி.மீ, தகடு கனம் 2லேர்ந்து 2.5 வரைக்கும் இருக்கும், ஆக உள்ள 17, 18 மி.மீ தான் எடம். கனெக்டரோட எதுவும் நுழையாது. ஆர்எக்ஸ்ல ஹெட்லைட் டூமுக்குள்ள தான் எல்லா கனெக்டரும் கெடக்கும், அத தொறந்து முதல்ல போன்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கிட்டு அப்புறம் கனெக்டருக்குள்ள ஒயர் நுனில இருக்குற உலோக பின்ன ஒண்ணொண்ணா கழட்டுங்க. மெல்லிசான ஸ்க்ரூ டிரைவர் வச்சு பின்னோட நாக்க அழுத்தினா வெளிய வந்துடும், வெட்டாதீங்க.

ஓட்டை ஸ்விட்ச் உக்கார்ற எடத்துக்கு நேர் அடில, அப்ப தான் ஸ்விட்ச் மூடி மறைச்சிடும். ஆக்சிலேட்டர் பக்கம் மட்டும் கவனம், குழா சுத்துற எடத்துக்கு உள்பக்கமா தள்ளி போடணும், இல்லன்னா ஒயர அது அரைச்சிடும். வெளிய வர்ற ஓட்டை நடுவுல, பார வண்டியோட புடிச்சு வச்சிருக்குற ரெண்டு கிளாம்புக்கும் இடைல, கீழ பார்த்த மாதிரி. கிளாம்புக்கு வெளி ஓரமா மட்டும் போட்டுடாதீங்க, மூட்டையோட பள்ளத்துல எறங்கும்போது முழு பளுவும் விழுறது அந்த எடத்துல தான், அங்க ஒடஞ்சா பார் கையோட வந்துடும். 8 மி.மீ பிட்டு போதும், எடம் பத்தலன்னா பக்கத்துலயே இன்னொண்ணு போட்டு நடுவுல உள்ளத அரத்தால ராவி பாரோட நீளவாக்குல முட்டை வடிவமா ஆக்கிக்கோங்க. குறுக்குவாக்குல அகலப்படுத்தாதீங்க, பலம் அதுல தான் கொறையும்.

இனிமே தான் எல்லாரும் கோட்ட விடுற எடம். டிரில் போட்டதும் ஓட்டையோட உள் ஓரத்துல பிசிறு நிக்கும், வெளிய பார்த்தா வழுவழுன்னு தான் தெரியும், சுண்டு விரல விட்டு தடவிப் பாருங்க, பிளேடு மாதிரி கீறும். அத உருட்டு அரம் வச்சு எடுத்துட்டு ரப்பர் குரோமெட் (ஓட்டை ஓரத்துல மாட்டுற வளையம்) போட்டா தான் ஒயர் பொழைக்கும். இல்லன்னா ஆறு மாசமோ ஒரு வருசமோ கழிச்சு இன்சுலேஷன் தேஞ்சு பாடில உரசும். ஹார்ன் ஸ்விட்ச் எர்த் கொடுக்குற மாதிரி உள்ள வண்டில, ஹேண்டில திருப்புனா ஹார்ன் தானா அடிக்கும், எழவு வீட்டு வாசல்ல போய் நிக்கும்போது அடிச்சா என்ன செய்வீங்க.

இழுக்குறதுக்கு தூண்டி நரம்பு நல்லா வேலை செய்யும். நுனில சின்ன நட்டு ஒண்ண கட்டி பார சாய்ச்சு சாய்ச்சு ஆட்டுனா வளைவு தாண்டி வந்துடும். அப்புறம் ஒயர் நுனிய மேலயும் கீழயுமா அடுக்கி டேப் சுத்தி, ஒடம்புக்கு போடுற பவுடர் கொஞ்சம் தடவி, ஒரு ஆள் தள்ள ஒரு ஆள் இழுக்கணும். தனியா இழுத்தா நரம்பு தான் அறும்.

திருவாரூர்_2ஸ்ட்ரோக்:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா நான் ஒண்ணு கேக்குறேன். கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், முன் பிரேக் கேபிள் மூணும் வெளிய தானே தொங்கப்போவுது? ஒயர மட்டும் ஒளிச்சு வச்சு என்ன மாப்ள லாபம்? கடைல துணி மாதிரி நெய்ஞ்ச ஸ்லீவ் மீட்டர் கணக்குல கெடைக்குது, அதுல ஒயர போட்டு பாருக்கு அடிப்பக்கமா கொண்டு போய் ரெண்டு எடத்துல டை போட்டா போதும், பாதி சுத்தமாயிடும், பாருக்கும் ஓட்டை இல்ல. நடு ராத்திரில கோளாறுன்னா டார்ச் அடிச்சு கண்ணால பார்த்துடலாம். உள்ள போனத எப்படி பார்ப்ப?

மன்னை_ஆர்எக்ஸ்:
நீங்க சொல்றதும் நியாயம் தான் ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. காந்தம் வச்சு பார்த்தேன், ஒட்டுது. ஒயர் நீளம் பத்தலன்னா ஜாயிண்ட் போட்டுக்கலாமா?

நாகை_உப்புக்காத்து:
போடலாம், ஆனா பாருக்குள்ள ஒரு ஜாயிண்ட் கூட இருக்கக்கூடாது. சால்டர் வச்ச எடம் விறைச்சு போயிடும், அதிர்வுல அது ஓரத்துல தான் அறும். எல்லா ஜாயிண்ட்டையும் டூமுக்குள்ள தள்ளிடுங்க, ஒரே எடத்துல குவிக்காம முன்ன பின்ன மாத்தி போட்டு ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கி இறுகுற குழா) ஏத்துங்க. வீட்டு ஒயரிங்ல மிஞ்சினத வச்சு ஒப்பேத்தாதீங்க, பல இழை உள்ள வண்டி ஒயர் தான் வேணும். இண்டிகேட்டர், ஹார்ன் ஸ்விட்சுக்கு 0.5 சதுர மி.மீ போதும், ஹெட்லைட் 35 வாட் பல்புன்னா 12 வோல்ட்டுக்கு 3 ஆம்பியர் கிட்ட இழுக்கும், அதுக்கு 0.75 போட்டுடுங்க.

தண்ணி விசயம்: ஓட்டை எல்லாம் கீழ பார்த்து இருந்தா ஐப்பசி அடைமழைலயும் பெருசா எறங்காது, எறங்குனாலும் நடு ஓட்டை வழியா வடிஞ்சிடும், அதனால அத சிலிக்கான் வச்சு அடைச்சு தொலைக்காதீங்க. எங்க ஊர் பக்கம் உப்புக்காத்துல செம்புல பச்சை களிம்பு புடிச்சிடும், ஓட்டை ஓரம் குரோம் போன எடத்துல துரு ஏறும். ஓட்டை போட்ட அன்னைக்கே அங்க பிரைமர் தொட்டு விடுங்க, கனெக்டர் பின்னுக்கு டைஎலக்ட்ரிக் கிரீஸ் (ஈரம் அண்டாம தடுக்குற, கரண்ட் கடத்தாத கிரீஸ்) வைங்க.

திருவாரூர் தம்பி சொன்னதுக்கு ஒரு பதில் இருக்கு: எலி. வைக்கோல் போர் பக்கத்துல வண்டிய நிறுத்துற ஊர்ல வெளிய தொங்குற ஒயர விட இரும்புக்குள்ள இருக்குற ஒயர் மேல். டூம் பின்னாடி ஓட்டைய மட்டும் கவனிச்சுக்கோங்க, அது வழியா பூந்து கடிச்சு வச்சிடும்.

திருவாரூர்_2ஸ்ட்ரோக்:
எலி மேட்டர் ஒத்துக்குறேன் 😄 குறுவை அறுப்பு முடிஞ்சா எங்க தெருல எவன் வண்டியும் தப்பாது.

குடந்தை_பட்டறை:
விட்டுப்போன ரெண்டு சொல்லிடுறேன். ஒயர் இழுத்ததும் கனெக்டர் மாட்டுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர பீப் மோடுல வச்சு ஒரு முனைய பார்லயும் இன்னொண்ண ஒவ்வொரு ஒயர்லயும் வைங்க, எதுவும் கத்தக்கூடாது. அப்புறம் கழுத்துக்கிட்ட ஒயர்ல தொய்வு விட்டு, ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு பாருங்க, எங்கயும் விறைக்கக்கூடாது. டிரில் எடுக்குறதுக்கு முன்னாடி பார மாட்டி, வண்டில உக்காந்து, கைக்கு தோதா கோணம் வச்சு கிளாம்ப இறுக்கிட்டு அப்புறம் மார்க்கர்ல குறி போடுங்க. பின்னாடி கோணத்த மாத்துனா கீழ பார்த்த ஓட்டை மேல திரும்பிடும். புது பார்ல, ஸ்விட்ச் சுத்தாம புடிக்குற அதோட குட்டி பின்னுக்கு ஓட்டை இருக்கான்னும் பாருங்க, இல்லன்னா அதையும் இப்பவே போட்டுடுங்க, பின் உக்காரலன்னா ஸ்விட்ச் சுத்தி சுத்தி உள்ள இருக்குற ஒயரதான் முறுக்கும்.