ஜார்ஜியா ஒயின்: 8,000 ஆண்டு மரபா, விளம்பரமா?

தாழிப்பித்தன்:
ஒயின் என்றாலே பிரான்ஸ், இத்தாலி என்று ஆரம்பித்துவிடுகிறோம். ஜார்ஜியா நாட்டின் கடாச்ரிலி கோரா என்னும் தொல்லியல் இடத்தில் கிடைத்த பானை ஓடுகளில் ஒயின் தடயம் இருப்பதாக 2017-இல் ஆய்வு வந்தது. காலம் கி.மு. 6000 வாக்கில். இன்றும் அங்கே க்வெவ்ரி என்னும் தாழியை வாய்வரை மண்ணில் புதைத்து ஒயின் போடுகிறார்கள். 8,000 ஆண்டாக அறுபடாத மரபு!

கறார் கந்தன்:
ஓடு சரி, "அறுபடாத" எங்கிருந்து வந்தது? சோவியத் காலத்தில் தொழிற்சாலை வைத்ததுதான் சட்டம். ர்கட்சிதெலி, சபெராவி மாதிரி சில திராட்சை ரகங்களே எங்கும். 1985-இல் கோர்பச்சேவின் மதுவிலக்குப் பிரசாரம் வந்து தோட்டங்களையே பிடுங்கிப்போட்டது. இப்போதும் பெரும்பாலான பாட்டில்கள் ஸ்டீல் தொட்டியில் இருந்துதான் வருகின்றன.

தாழிப்பித்தன்:
தொழிற்சாலையில் அறுந்தது, வீட்டில் அறவில்லையே. கிராமத்து வீடுகளில் தாழி இருந்துகொண்டுதான் இருந்தது. ஆள் உள்ளே இறங்கி, செர்ரி மரப்பட்டையால் தேய்த்துக் கழுவும் வேலை புத்தகம் படித்து வருவதா? 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது அந்தக் கைப்பழக்கத்தைத்தான்.

ராச்சா ரசிகை:
இரண்டு பேரும் கிழக்கே உள்ள காகெதி வட்டாரத்தை மட்டுமே பேசுகிறீர்கள். அங்கே சாறோடு தோல், விதை, காம்பு எல்லாம் தாழிக்குள் போய் ஐந்தாறு மாதம் கிடக்கும். வெள்ளைத் திராட்சைகூடத் தேநீர் நிறத்தில், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்போடு வெளியே வரும். மேற்கே இமெரெத்தியில் தோலைக் கொஞ்சம்தான் சேர்ப்பார்கள். தாழிக்குப் பெயரே வேறு, சுரி. ஒயினும் லேசு. ராச்சா மலையில் குளிர் வந்து சாறு நொதிப்பதைப் பாதியில் நிறுத்திவிடும், இனிப்பு தங்கிவிடும். அதுதான் ஹ்வான்ச்காரா ஒயின். 500-க்கு மேல் திராட்சை ரகம் உள்ள நாட்டில் எந்த மரபைச் சொல்கிறீர்கள்?

கறார் கந்தன்:
இது நல்ல கேள்வி. அப்புறம் இன்னொன்று: ஏற்றுமதியில் பெரும்பங்கு ரஷ்யாவுக்குப் போனது, அதிலும் இனிப்பு ஒயினுக்குத்தான் அங்கே மவுசு. 2006-இல் ரஷ்யா தடை போட்டது, 2013 வரை நீடித்தது. வேறு சந்தை தேடி அலைந்தபோதுதான் தாழி லேபிளுக்கு ஏறியது.

தாழிப்பித்தன்:
இருந்ததைத்தானே ஏற்றினார்கள்?

கறார் கந்தன்:
சரி, வீட்டுத் தாழியை ஒத்துக்கொள்கிறேன். "அறுபடாத 8,000"-ஐ மாட்டேன்.