லூவா 5.1-லேயே இன்னும் எத்தனை நாள்?

பீன்யா_பெஞ்ச்:
நாங்க செய்யுறது எடை மெஷின். உள்ளே ஓடுறது லூவாங்கிற சின்ன புரோகிராமிங் மொழி, அதுல 5.1 வெர்ஷன், 2006-ல வந்தது. போன வாரம் ஒரு நாள் முழுக்கப் போச்சு. வேரியபிள் பேர்ல ஒரு எழுத்தை விட்டுட்டேன். லூவா மூச்சு விடாம அந்தத் தப்பான பேர்லயே புது குளோபலைத் (புரோகிராம் முழுக்கத் தெரியுற வேரியபிள்) திறந்து எடையை அதுல போட்டுடுச்சு. திரையில பழைய எடையே நிக்குது! 5.5-ல ஃபைல் தலையில குளோபல் பேரெல்லாம் அறிவிச்சுட்டா, அறிவிக்காத பேரை கம்பைல் பண்ணும்போதே பிடிச்சிடும். மாறிடலாம்னு நினைக்கிறேன்.

கோரமங்கலா_கோடு:
இதுக்கா சார் வெர்ஷன் மாத்தணும்? கோடுல தப்பு தேடுற லூவாசெக் டூலை ஓட்டினா அதே தப்பை இப்பவே காட்டும். உங்க 5.5-ல அப்படி அறிவிக்க ஆரம்பிச்சா, திரையில காட்டுற பிரின்ட்டையும் சேர்த்து அறிவிக்கணும், தெரியுமா? நாங்க ஓடுறது ஓபன்ரெஸ்டி வெப் சர்வர்ல, அதுக்குள்ள இருக்கிறது லூவாஜிட், லூவாவை வேகமா ஓட்டுற இன்னொரு இன்ஜின். அது 5.1 மொழிதான், 5.2-ல கொஞ்சம் எடுத்துக்கிச்சு. ரெடிஸ் டேட்டாபேஸுக்குள்ளயும் 5.1. ஊரே 5.1 பேசுது, நீங்க 5.5-ல யார்கிட்ட பேசப் போறீங்க?

பீன்யா_பெஞ்ச்:
ஊர் இருக்கட்டும் தம்பி. என் போர்டுல லூவாவை ஓட்டுற இன்டர்பிரட்டரை சி கோடோட சேர்த்து கம்பைல் பண்றதே நான்தான். எந்த வெர்ஷன்னு நான் சொன்னா அதுதான். நீங்கதான் அடுத்தவன் திண்ணையில படுத்திருக்கீங்க. லூவாசெக் நல்லதுதான், ஓட்டினா. அன்னிக்கு ஓட்ட மறந்த ஆளும் நானே.

சிவாஜிநகர்_ரசீது:
மாறுங்க, ஆனா வகுத்தல் இருக்கிற வரியெல்லாம் பார்த்துட்டு மாறுங்க. 5.3-ல முழு எண் தனி வகையாச்சு. அதுல இருந்து 10/2 போட்டா 5 வராது, 5.0 வரும். முழு எண் வேணும்னா // போடணும். எங்க பில்லுல "5.0 பெட்டி"ன்னு அச்சாச்சு. கடைக்காரர், "அரைப் பெட்டியும் விப்பீங்களா?"ன்னு கேட்டார்.

பீன்யா_பெஞ்ச்:
அதே 5.3-லதானே தமிழ் மாதிரி எழுத்தையெல்லாம் கையாள யுடிஎஃப்8 லைப்ரரியும் வந்துச்சு. எங்க லேபிள்ல தமிழும் கன்னடமும் அச்சாகணும்.

கோரமங்கலா_கோடு:
அதுவும் அரைக்கிணறுதான். 'தமிழ்'னு கொடுத்து நீளம் கேக்குற # போட்டா 15, பைட் கணக்கு. அந்த லைப்ரரியில எண்ணினா 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எங்க பாட்டிகிட்ட கேட்டா மூணு எழுத்துன்னு சொல்லும்.

பீன்யா_பெஞ்ச்:
குறியையும் புள்ளியையும் எண்ணாம விட்டா அஞ்சு மூணாயிடும், பத்து வரி வேலை. பைட்டை எண்ணி நடுவுல வெட்டினா லேபிள்ல கட்டம் கட்டமா வருது. அதை ஒட்டின தராசு ஒண்ணு இன்னும் என் மேஜையில இருக்கு.

கோரமங்கலா_கோடு:
சரி சார், ஒண்ணுல மட்டும் எனக்குப் பொறாமை. 5.4-ல வந்த குளோஸ், வேரியபிள் மேல போடுற ஒரு குறி. ஃபங்ஷன் எரர் ஆகி பாதியில வெளியே வந்தாலும் ஃபைல் தானா மூடிக்குது. நாங்க இன்னும் எல்லாத்தையும் எரரைப் பிடிக்கிற பிகால்ல (pcall) சுத்திக்கிட்டு இருக்கோம்.

பீன்யா_பெஞ்ச்:
ஞாயித்துக்கிழமை ஒரு போர்டுல 5.5 ஏத்திப் பார்க்கிறேன். வகுத்தல் வரிகளைத் தேடிட்டேன். 43 இருக்கு.

சிவாஜிநகர்_ரசீது:
பெட்டி எண்ணுற வரியில ஆரம்பிங்க.